நரம்பு வலியும் நுண் ஆர்.என்.ஏ.வும்

கிள்ளானில் உள்ள ஓர் அடுக்குமாடி வீடு. இரவு மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. பாட்டி படுக்கையில் எழுந்து அமர்ந்து, தம் பாதங்களைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் குடிக்க எழுந்துவந்த பேரன், கைப்பேசி வெளிச்சத்தில் அவருடைய பாதங்களை உற்றுப் பார்க்கிறான். காயம் இல்லை, வீக்கம் இல்லை, சிவந்துபோகவும் இல்லை.

“காலில் ஒன்றும் இல்லையே, பாட்டி?”

“வெளியில ஒண்ணும் இல்லய்யா. உள்ளுக்குள்ளதான் நெருப்பு மேல நிக்கிற மாதிரி எரியுது. போர்வை பட்டாக்கூட வலிக்குது.”

இத்தகைய உரையாடல் நம்மில் பலருடைய வீடுகளில் நடந்திருக்கும். “வயதானால் அப்படித்தான்” என்று சிலர் சொல்வர். “சும்மா சொல்கிறார்” என்று எண்ணுவோரும் உண்டு. ‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்பது நாம் அறிந்த பழமொழி. காயமே இல்லாத இடத்தில் வலி எப்படி வரும்? ஒரு மெல்லிய போர்வை எப்படி வலி தரும்? இக்கேள்விகளுக்கு அறிவியல் இப்பொழுது விடை கூறத் தொடங்கியுள்ளது. அவ்விடையில் நுண் ஆர்.என்.ஏ. எனப்படும் மிகச் சிறிய மூலக்கூறுக்கும் பங்குண்டு.

நம் நாட்டின் நிலை

பாட்டிக்கு ஏற்பட்டிருப்பது நரம்பு வலியாகும். நரம்பு வலி பல காரணங்களால் ஏற்படலாம். முதுகெலும்பு வட்டு விலகி நரம்பை அழுத்துதல், அக்கி நோய், விபத்து, சில வகைப் புற்றுநோய் மருந்துகள் ஆகியவை அவற்றுள் சில. எனினும், நம் நாட்டில் அதற்கு முக்கியமான காரணம் நீரிழிவு நோயாகும்.

மலேசியச் சுகாதார அமைச்சு நடத்திவரும் தேசியச் சுகாதார ஆய்வின்படி, 2019ஆம் ஆண்டில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு நோய் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அவ்வளவு 15.6 விழுக்காடாகப் பதிவானது. அதாவது, பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர். இனவாரியாகப் பார்த்தால், இந்தியர்களிடையே இந்நோய் அதிகமாகக் காணப்படுகிறது. ஆகவே, நரம்பு வலியைப் பற்றி அறிந்துகொள்வது நம் வீட்டைப் பற்றி அறிந்துகொள்வதற்கு ஒப்பாகும்.

வலி என்னும் எச்சரிக்கை மணி

வலி பொதுவாக நமக்கு நன்மையே செய்கிறது. சூடான சட்டியில் விரல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். தோலில் உள்ள நரம்பு முனைகள் சூட்டை உணர்ந்து மின் சமிக்ஞையாக மாற்றுகின்றன. அச்சமிக்ஞை நரம்பின் வழியாக முதுகுத்தண்டை அடைந்து, அங்கிருந்து மூளைக்குச் செல்கிறது. மூளை அதனை வலியாக உணர்கிறது.

இவ்வேலையைச் செய்யும் நரம்பணுக்கள் வியப்புக்குரியவை. அவற்றின் உடல் பகுதி முதுகுத்தண்டின் அருகில் இருக்கும். அதிலிருந்து புறப்படும் இழையோ பாதம்வரை நீண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள இழை! இந்த இழையின் சுவரில் மிக நுண்ணிய வாயில்கள் பல உள்ளன. அவை திறந்து மூடும்போது சோடியம், கால்சியம் போன்ற மின்னூட்டம் பெற்ற துகள்கள் உள்ளே நுழைகின்றன. அதனால்தான் மின் சமிக்ஞை உண்டாகிறது. இவ்வாயில்கள் புரதங்களால் ஆனவை. வாயில்கள் அளவோடு இருந்தால் நரம்பு அளவோடு பேசும். அளவு மிஞ்சினால் நரம்பு தேவையின்றிக் கூச்சலிடும்.

நீரிழிவு நோயில் இரத்தத்தில் உள்ள சர்க்கரையின் அளவு நீண்ட காலம் உயர்ந்திருக்கிறது. இதனால் நரம்பணுக்களும் அவற்றுக்கு உணவூட்டும் மெல்லிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. மிக நீளமான நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. பாதத்தில்தான் தொல்லை முதலில் தொடங்குவதற்கு இதுவே காரணம். சிலருக்குப் பாதம் மரத்துப்போகும். சிலருக்கு எரிச்சல், குத்தல், மின்சாரம் தாக்கியது போன்ற வலி ஏற்படும். சிலருக்கு இவை இரண்டும் சேர்ந்தே வரும். எச்சரிக்கை மணி பழுதடைந்துவிட்டதால், தீ இல்லாமலேயே அது ஒலித்துக்கொண்டிருக்கிறது.

கோலாலம்பூர் கற்றுத்தந்த பழைய பாடம்

நரம்பு நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பலரைப் பலிகொண்டது. கால்கள் மரத்துப்போகும்; நடக்க இயலாமற்போகும்; இறுதியில் இதயமும் செயலிழக்கும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே இந்நோய்க்கு மிகுதியாக ஆளாயினர். அதே மண்ணில், அதே மழையிலும் வெயிலிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களை இந்நோய் பெரும்பாலும் அண்டவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு அரிசியே காரணமாக இருக்கலாம் என்று மருத்துவர் லியோனார்ட் பிராடன் கருதினார். சுரங்கத் தொழிலாளர்கள் நன்கு தீட்டிய பச்சரிசியை உண்டனர். தமிழர்கள் புழுங்கல் அரிசியை உண்டனர். 1905ஆம் ஆண்டில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இதனைச் சோதித்துப் பார்த்தார். நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவினருக்குப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. பச்சரிசி உண்டவர்களில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்டவர்களில் ஒருவர்கூட அந்நோயால் மாளவில்லை. பின்னர், கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டான்டன் ஆகிய இருவரும், அரிசியைத் தீட்டும்போது நீங்கிவிடும் தவிட்டில்தான் நோயைத் தடுக்கும் பொருள் உள்ளது என்பதை நிறுவினர். அப்பொருள் வைட்டமின் பி1 என்பதைப் பிற்கால அறிவியல் கண்டறிந்தது. நெல்லைப் புழுக்கும்போது அவ்வைட்டமினின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் சென்றுவிடுகிறது.

அன்று நரம்பைக் கெடுத்தது ஒரு சத்தின் குறைவு. இன்று நரம்பைக் கெடுப்பது சர்க்கரையின் மிகுதி. எனினும், பழைய பாடம் மாறவில்லை. நோயாளி சொல்வதை நம்பி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தேடியவர்களே விடையைக் கண்டனர். இன்றைய தேடல் தவிட்டிலிருந்து உயிரணுவுக்குள் நகர்ந்திருக்கிறது.

சமையற்கூடமும் சீட்டும்

நுண் ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு வாழையிலை உணவகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வுணவகத்தின் சமையல் குறிப்புகள் அனைத்தும் ஒரு தடித்த ஏட்டில் எழுதப்பட்டு, முதலாளியின் அறையில் பூட்டிவைக்கப்பட்டுள்ளன. அந்த ஏட்டை யாரும் வெளியே கொண்டுசெல்ல முடியாது. தேவையான குறிப்பை மட்டும் ஒரு சீட்டில் எழுதிச் சமையற்கூடத்துக்கு அனுப்புவர். சமையற்காரர் சீட்டைப் பார்த்துச் சமைப்பார். சீட்டு இருக்கும்வரை அதே உணவைத் திரும்பத் திரும்பச் சமைத்துக்கொண்டே இருப்பார்.

உயிரணுவிலும் இதுவே நடைபெறுகிறது. பூட்டிவைக்கப்பட்ட ஏடு என்பது டி.என்.ஏ. அதில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் ஒரு மரபணு. சமையற்கூடத்துக்குச் செல்லும் சீட்டு என்பது தூது ஆர்.என்.ஏ. சமைக்கப்படும் உணவு என்பது புரதம்.

இப்பொழுது சமையற்கூடத்தின் வாசலில் ஒரு மேற்பார்வையாளர் நிற்பதாக வைத்துக்கொள்வோம். “ரசம் போதும், இனி வேண்டாம்” என்று கூறி, ரசத்துக்கான சீட்டை அவர் மடக்கி வைத்துவிடுகிறார், அல்லது கிழித்துப்போடுகிறார். ஏட்டில் உள்ள குறிப்பு அழியவில்லை. சமையல் மட்டும் குறைகிறது. இந்த மேற்பார்வையாளரின் வேலையைத்தான் நுண் ஆர்.என்.ஏ. செய்கிறது. தூது ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கொண்டிருக்கும், நுண் ஆர்.என்.ஏ.வோ ஏறத்தாழ 22 எழுத்துகளை மட்டுமே கொண்டது. அவ்வெழுத்துகளுள் சில, தூது ஆர்.என்.ஏ.வின் ஒரு பகுதியோடு சாவியும் பூட்டும்போல் பொருந்துகின்றன. பொருந்திய உடன் புரத உற்பத்தி தடைபடுகிறது. ‘கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது’ என்பது இதற்கு மிகவும் பொருந்தும்.

புழுவில் கண்ட உண்மை

நுண் ஆர்.என்.ஏ. முதன்முதலில் ஒரு புழுவில்தான் கண்டறியப்பட்டது. சி. எலகன்ஸ் எனப்படும் அப்புழுவின் நீளம் ஒரு மில்லிமீட்டர்தான். அமெரிக்காவைச் சேர்ந்த விக்டர் அம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவரும் அப்புழுவின் வளர்ச்சியை ஆராய்ந்தனர். லின்-4 என்னும் மரபணு பழுதடைந்த புழுக்கள் உரிய காலத்தில் முதிர்ச்சியடையாமல் தடுமாறின. அந்த மரபணு எந்தப் புரதத்தை உருவாக்குகிறது என்று அம்ப்ரோஸ் தேடினார். அது எந்தப் புரதத்தையும் உருவாக்கவில்லை. 22 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு ஆர்.என்.ஏ.வை மட்டுமே உருவாக்கியது. ருவ்குன் ஆராய்ந்துவந்த லின்-14 என்னும் மரபணுவின் தூது ஆர்.என்.ஏ.வோடு அதனை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தின. ஒன்று மற்றொன்றை அடக்குகிறது என்பது தெளிவானது.

இக்கண்டுபிடிப்பு 1993ஆம் ஆண்டில் வெளியானது. ஆயினும், அதனைப் பலர் பெரிதாக எண்ணவில்லை. ஒரு புழுவுக்கு மட்டுமே உரிய விந்தை என்று கருதிவிட்டனர். 2000ஆம் ஆண்டில் ருவ்குன் குழுவினர் லெட்-7 என்னும் மற்றொரு நுண் ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்தனர். அது மனிதர் உட்படப் பல விலங்குகளிலும் இருந்தது. அதன் பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. மனித உடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நுண் ஆர்.என்.ஏ. மரபணுக்கள் உள்ளன என்பது இன்று தெரியவந்துள்ளது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், அவ்விருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

மேற்பார்வை குறைந்தால்

இனி, பாட்டியின் பாதத்துக்கு வருவோம். நரம்பு பழுதடையும்போது, நரம்பணுவுக்குள் இருக்கும் நுண் ஆர்.என்.ஏ.க்களின் அளவும் மாறுகிறது. சில பெருகுகின்றன, சில குறைகின்றன. மேற்பார்வையாளர் இல்லாத சமையற்கூடத்தில் என்ன நடக்குமோ, அதுவே இங்கும் நடக்கிறது. அடக்கப்பட வேண்டிய புரதங்கள் அளவுக்கு மீறி உருவாகின்றன. நரம்பின் வாயில்கள் பெருகுகின்றன. சிறு தூண்டுதலுக்கும் நரம்பு பெரிதாகக் கூச்சலிடுகிறது.

இதனை விலங்குகளில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. 2011ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் எலிகளின் முதுகுத்தண்டை ஆராய்ந்தனர். நரம்பு வலியுற்ற எலிகளில் மிர்-103 என்னும் நுண் ஆர்.என்.ஏ. குறைந்திருந்தது. அது ஒரு வகைக் கால்சியம் வாயிலைக் கட்டுப்படுத்துவதாகும். குறைந்துபோன மிர்-103ஐ அவர்கள் முதுகுத்தண்டுப் பகுதியில் செலுத்தியபோது, எலிகளின் வலி தணிந்தது.

2017ஆம் ஆண்டில் சுவீடனின் கரோலின்ஸ்கா கழகத்து ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு, மிர்-183 எனப்படும் குடும்பத்தை ஆராய்ந்தது. இது மூன்று நுண் ஆர்.என்.ஏ.க்களைக் கொண்ட சிறு குடும்பமாகும். இக்குடும்பம் இல்லாத சுண்டெலிகள் தொடுதலுக்கும் அழுத்தத்துக்கும் வழக்கத்தைவிட மிகுதியாக வலியுற்றன. நரம்பு வலியின்போது மாற்றமடையும் மரபணுக்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இக்குடும்பத்தின் கட்டுப்பாட்டில் உள்ளன என்றும் அவ்வாய்வு கூறியது. மெல்லிய தொடுதலை உணர்வதற்கான நரம்பணுக்களும் வலியை எழுப்பும் வேலையில் சேர்ந்துகொள்கின்றன என்பது அதன் மற்றொரு முடிவு. போர்வை பட்டாலும் வலிக்கிறது என்று பாட்டி சொன்னதை இங்கு நினைவுகூர்வோம். அது மிகைப்படுத்தப்பட்ட கூற்றன்று. நரம்பு வலியின் தெளிவான அடையாளங்களுள் ஒன்று.

இந்த ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. நரம்பு வலிக்கு மருத்துவர்கள் காபபென்டின் என்னும் மருந்தை வழங்குவதுண்டு. அது முதலில் வலிப்பு நோய்க்காகப் பயன்படுத்தப்பட்ட மருந்து. கால்சியம் வாயிலுக்குத் துணைநிற்கும் ஒரு புரதத்தைப் பற்றிக்கொண்டு அது வேலை செய்கிறது. மிர்-183 குடும்பம் இயற்கையாகவே அடக்கிவைப்பதும் அதே புரதத்தைத்தான். மருத்துவர் மாத்திரையால் செய்ய முயல்வதை, நலமான நரம்பணு தன் நுண் ஆர்.என்.ஏ.வால் நாள்தோறும் அமைதியாகச் செய்துவருகிறது.

நுண் ஆர்.என்.ஏ.க்கள் எல்லாம் வலியை அடக்குபவை அல்ல. அதே 2017ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் மிர்-21 என்பதை ஆராய்ந்தனர். நரம்பு காயமுற்றால் நரம்பணுக்கள் மிர்-21ஐச் சிறு பொதிகளில் இட்டு வெளியே அனுப்புகின்றன. அருகில் உள்ள நோயெதிர்ப்பு உயிரணுக்கள் அவற்றை உட்கொண்டு அழற்சியைத் தூண்டுகின்றன. அதனால் வலி மேலும் வளர்கிறது.

மருந்தாகுமா?

அப்படியென்றால், குறைந்துபோன நுண் ஆர்.என்.ஏ.வை ஊசி வழியாகச் செலுத்தி வலியைப் போக்கிவிட முடியாதா? கேள்வி எளிது, வழி எளிதன்று. ஒரே நுண் ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைக் கட்டுப்படுத்தக்கூடியது. ஒரு சீட்டைக் கிழிக்கச் சென்று பல சீட்டுகளைக் கிழித்துவிடும் ஆபத்து உண்டு. புற்றுநோய்க்காக மிர்-34 என்னும் நுண் ஆர்.என்.ஏ.வின் நகல் நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது. கடுமையான பக்கவிளைவுகள் ஏற்பட்டதால், 2016ஆம் ஆண்டில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. மேலும், ஆர்.என்.ஏ. இரத்தத்தில் விரைவாகச் சிதைந்துவிடும். அதனைச் சரியான நரம்பணுவிடம் மட்டும் கொண்டுசேர்ப்பதும் அரிய வேலையாகும். நரம்பு வலிக்கான நுண் ஆர்.என்.ஏ. மருந்து இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. ஆகவே, அப்பெயரில் யாரேனும் இன்று மருந்து விற்க முன்வந்தால், நாம் விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

பேரன் செய்யக்கூடியது

புதிய மருந்து வரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சர்க்கரையின் அளவைக் கட்டுக்குள் வைத்திருப்பது நரம்புகள் மேலும் பழுதடைவதைத் தடுக்க உதவும். நீரிழிவு நோயாளிகள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசாங்கக் கிளினிக்குகளில் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளலாம். நோயாளி கண்களை மூடிக்கொள்வார். மெல்லிய நைலான் இழை ஒன்று அவருடைய பாதத்தில் பல இடங்களில் தொட்டு அழுத்தப்படும். தொடுதலை உணரும்போதெல்லாம் அவர் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சோதனை, பின்னாளில் ஒரு காலையே காப்பாற்றக்கூடும். எரிச்சலுக்கு வேறு காரணங்கள் உள்ளனவா என்பதையும் மருத்துவர் ஆராய்வார். எடுத்துக்காட்டாக, வைட்டமின் பி12 குறைந்தாலும் நரம்புகள் பாதிக்கப்படும்.

வீட்டிலும் செய்ய வேண்டியவை உள்ளன. மரத்துப்போன பாதம் சூட்டை அறியாது. எனவே, எரிச்சலைத் தணிக்கச் சுடுநீரில் கால்களை வைக்கக்கூடாது. வீட்டுக்குள்ளும் காலணி அணிவது நல்லது. பெரியவர்களால் குனிந்து தம் உள்ளங்கால்களைப் பார்க்க இயலாது. இளையோரின் கண்கள் அவர்களுக்குத் துணையாக வேண்டும். இரவு உறங்கும் முன்னர், விரலிடுக்குகளிலும் குதிகாலிலும் வெடிப்போ கொப்புளமோ உள்ளதா என்று பார்த்துச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, அவர்கள் சொல்வதை நாம் நம்ப வேண்டும். வலியை அளந்து காட்டும் கருவி எதுவும் வீட்டில் இல்லை. அதனை உணர்பவரின் சொல்லே நமக்குக் கிடைக்கும் முதல் சான்று. வெளியே காயம் இல்லாவிட்டாலும், உள்ளே 22 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு மூலக்கூறு குறைந்துபோயிருக்கலாம். “காலில் ஒன்றும் இல்லையே” என்பதற்கு மாறாக, “எங்கே எரிகிறது, பாட்டி? எத்தனை நாளாக?” என்று அந்தப் பேரன் கேட்கட்டும். மறுநாள் கிளினிக்கில் மருத்துவர் கேட்கப்போவதும் அதே கேள்விகளைத்தான்.